மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன பையன்

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் காலை எட்டரை மணிக்கு நின்றால் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் கண்ணை நிறைக்கும். முதல் மணிக்கு முன்னால் கிடைக்கும் கால் மணி நேரத்துக்காகவே ஓடி வருகிற பிள்ளைகள் உண்டு. விளையாட்டு, சண்டை, ரகசியம் எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கோயம்புத்தூரில் படித்த ஒரு பையன் அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் அஞ்சினான். பள்ளிக்கு வெளியே எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவான். வகுப்பு கலைந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவான். பழகினால் எந்த ஊர் என்பார்கள், எந்தத் தெரு என்பார்கள், பிறகு சாதி தெரிந்துவிடும். தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள். நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள் என்று அந்தப் பையனே முதுமையில் எழுதிவைத்தார்.

அவர்தான் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். 1939-இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சில மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய சிறிய நூல். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் அவர் பெயர் உண்டு. இதழின் ஆண்டும் மாநாட்டின் ஆண்டும் தேர்வுக்கு வரும், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ஆனால் தங்கள் வயதுப் பையனாக அவர் நின்றது தங்கள் ஊரில்தான் என்பதை எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்? பள்ளிக்கு வெளியே காத்திருந்த அந்த நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது. வரலாறு பிள்ளையின் மனத்தில் ஒட்டுவதோ அந்த இடத்தில்தான்.

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி என்ற கேள்வியோடு நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிவரும் நாடு அமெரிக்கா. அங்கே இதற்கு அடித்தளம் போட்டவர் கார்ட்டர் உட்சன். 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போக முடிந்தது. அந்த மனிதர் 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1915-இல் கறுப்பின மக்களின் வரலாற்றை ஆய்வு செய்ய ஒரு சங்கம், மறு ஆண்டு ஓர் ஆய்விதழ், 1926 பிப்ரவரியில் பள்ளிகளில் ஒரு வாரம் என்று படிப்படியாகக் கட்டினார். பிப்ரவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12. அடிமையாகப் பிறந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடியது பிப்ரவரி 14. கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்த நாட்களின் மேலேயே பாடத்தை ஏற்றிவைத்தார். 1937-இல் ஆசிரியர்களுக்கென்றே தனி இதழ் நடத்தினார். அந்த வாரமே தேவைப்படாமல், ஆண்டு முழுவதும் எல்லாப் பாடத்திலும் கறுப்பின மக்கள் இடம்பெறும் காலம் வரவேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். வாரம் 1976-இல் மாதமாக வளர்ந்தது. அவர் விரும்பிய காலம் இன்னும் வரவில்லை.

உட்சன் சொன்னவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது ஒன்று. கறுப்பின மக்களின் வரலாற்றைத் தனியாக எழுதி ஓரத்தில் ஒட்டவைக்காதே, பொது வரலாற்றுக்குள் அவர்கள் செய்ததைக் காட்டு என்றார். 1933-இல் அவர் எழுதிய நூல், தன் மக்களை இழிவாகக் காட்டும் பாடத்தைப் படித்துத் தேறும் பிள்ளை தன்னையே இழிவாக நினைக்கக் கற்றுக்கொள்கிறது என்று வாதிட்டது. அது வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940-களில் சின்னக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மைகளும் பழுப்புப் பொம்மைகளும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்த வழக்கில் அந்தப் பொம்மைகளும் சாட்சியாக வந்தன.

அமெரிக்கக் கதை நமக்கு அந்நியக் கதை இல்லை. ஜோதிராவ் புலே 1873-இல் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவர் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டார். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது கேரளத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் தனக்குச் சுருக்கென்றது, பிறகு ஆம், நான் அதுதான் என்று புரிந்தது என்று கிங் பின்னாளில் ஒரு சொற்பொழிவில் சொன்னார். பெரிய மேடைகளில் நடக்காத புரிதல் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயரைக்கூட அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். 2015 முதல் ஏப்ரலை தலித் வரலாற்று மாதமாக இளைஞர்கள் கடைப்பிடித்து வருவதும் உட்சனின் மாதத்தைப் பார்த்துத்தான்.

இனி நம் பாடநூல்களைத் திறப்போம். தீண்டாமை மனிதநேயமற்றது, குற்றம் என்று தமிழ்நாட்டுப் பாடநூலின் தொடக்கப் பக்கமே சொல்லிவிடுகிறது. பல தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். அப்படி ஓர் அறிவிப்பு இருப்பது பெருமைதான். தீண்டாமை என்றால் என்ன, யார் யாருக்குச் செய்தது, நம் ஊரில் எந்தக் கிணற்றடியில், எந்த டீக்கடையில் நடந்தது என்று உள்பக்கங்கள் சொல்லாவிட்டால் அந்த அறிவிப்பு அட்டையோடு அட்டையாக ஒட்டிக்கொண்டுவிடும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் நல்ல மாற்றங்கள் உண்டு. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா மூவரும் பாடத்துக்குள்ளேயே வருகிறார்கள். பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரனும், வேலு நாச்சியாரின் தோழி குயிலியும் வருகிறார்கள், ஆனால் பெட்டிச் செய்தியாக. ஆசிரியராக இருந்தவர்களுக்குப் பெட்டிச் செய்தியின் விதி தெரியும். பாடம் முடியாத அவசரத்தில் முதலில் தாண்டப்படுவது அதுதான். அரசர் பாடத்துக்குள்ளும், அவருக்காகக் கை இழந்ததாகச் சொல்லப்படும் ஒண்டிவீரன் பெட்டிக்குள்ளும் இருக்கும் அமைப்பே பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லாமல் சொல்லிக் கொடுக்கிறது. உட்சன் கண்டித்த ஓரத்து ஒட்டு இதுதான்.

மத்தியப் பாடத்திட்டத்தில் நடந்தது வேறு வகை. தென் திருவிதாங்கூர்ப் பெண்களின் மேலாடை உரிமைப் போராட்டத்தைச் சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பகுதியை 2016 இறுதியில் வந்த ஒரு சுற்றறிக்கை தேர்விலிருந்து நீக்கியது. 2019-இல் அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போனது. தலித் பேந்தர்களையும் பேசிய பன்னிரண்டாம் வகுப்பு அத்தியாயம் 2022-இல் பாடச்சுமை குறைப்பு என்ற பெயரில் போனது. அமெரிக்காவிலும் இதே இழுபறிதான். பிலடெல்பியா நகரம் 2005-இல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றை உயர்நிலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கியது. புளோரிடா மாநிலம் 2023-இல் அதே துறையின் மேல்நிலைப் பாடத்தை ஏற்க மறுத்தது. 2015-இல் டெக்சாஸில் ஒரு புவியியல் பாடநூலின் வரைபடக் குறிப்பு, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களைத் தொழிலாளர்கள் என்று எழுதியிருந்தது. ஒரு மாணவனும் அவன் தாயும் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே பதிப்பகம் திருத்தியது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கொங்கு நாட்டுப் பண்ணையம்தான் நினைவுக்கு வந்தது. கொங்கின் உழைப்பு வரலாற்றை நாம் எப்படிச் சொல்கிறோம்? பாறையை உடைத்துக் கிணறு வெட்டினோம், பருத்தி விளைவித்தோம், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் எழுந்தன, மோட்டார் பம்பு செய்தோம், தென்னாட்டு மான்செஸ்டர் ஆனோம். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியது. மின்சாரம் வருவதற்கு முன் அந்தக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எப்படி மேலே வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் கவலை என்போம். கவலையில் மாடு இருந்தது, வடக்கயிறு இருந்தது, தண்ணீரை மொண்டு வந்த தோல்பறி இருந்தது. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர் யார்? பொத்தல் விழுந்தால் நள்ளிரவில் அழைத்தாலும் வந்து அடைத்துக் கொடுத்தவர் யார்? அருந்ததியர். கொங்கின் ஒவ்வொரு காணி நிலமும் அவர்கள் தைத்த தோல் வழியாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்ததோ ஊருக்கு வெளியே ஒரு வளவும், வருஷக் கூலித் தானியமும், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் கட்டாயமும். பண்ணையத்தில் ஆடு மேய்க்கக் கட்டப்பட்ட சிறுவர்களின் வாழ்வைப் பெருமாள்முருகன் 2000-இல் வெளிவந்த 'கூளமாதாரி' நாவலில் எழுதிக் காட்டினார். நாவல் சொன்னதைப் பாடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறார். தீரன் சின்னமலை பாடத்தன்று மேசைமேல் ஒரு பழைய தோல் செருப்பை வைத்தார். கனத்த அடித்தோல், ஓரமெல்லாம் நெருக்கமான தையல். பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் மூக்கைப் பொத்தினார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல், ஒரு விரற்கடை நீளத்தில் எத்தனை தையல் என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றார். எண்ண வேண்டுமானால் கையில் எடுக்க வேண்டும். செருப்பு கை மாறிக் கை மாறி வகுப்பைச் சுற்றி வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு பொல்லான் கதையைச் சொன்னார். சின்னமலையின் படையில் இருந்த அருந்ததியர், வெள்ளையர் படையின் நடமாட்டத்தை ஓலையில் எழுதிச் செருப்பின் அடித்தோலுக்குள் வைத்துத் தைத்து அனுப்பியவர், அதற்காகவே கொல்லப்பட்டவர் என்று ஈரோடு பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மாவட்டத்தின் ஜெயராமபுரத்தில் இன்று அவருக்கு அரசு எழுப்பிய மணிமண்டபம் நிற்கிறது. வாய்மொழியாக வந்த செய்தி எது, ஆவணத்தில் உள்ள செய்தி எது என்பதையும் அந்த ஆசிரியை பிரித்துச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். யார் எழுதிவைத்தார்கள், யாருக்கு எழுத்தே மறுக்கப்பட்டது என்பதும் வரலாற்றுப் பாடம்தானே. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பையன் மட்டும் நின்று, "எங்க தாத்தா இதைய விட நெருக்கமாத் தைப்பாருங்க டீச்சர்" என்றானாம். வகுப்பில் எவரிடமும் அவர் சாதியைக் கேட்கவில்லை, யார் வீட்டுத் தொழில் என்றும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர்களுக்குப் பயம் வருகிறது. வகுப்பில் சாதியைப் பேசினால் இல்லாத சாதியை நாமே விதைப்பதாகிவிடாதா என்கிறார்கள். நல்ல மனத்தோடு கேட்பவர்களே அதிகம் என்பதால் பதில் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அரசு அமைத்த ஒரு நபர் குழுவின் அறிக்கையை நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் அளித்தார். கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை எடுப்பது, பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்வது என்று அதில் பல பரிந்துரைகள். மஞ்சளுக்கு ஒரு சாதி, சிவப்புக்கு ஒரு சாதி என்று கயிற்றின் நிறத்தைப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? பாடநூலில் இல்லை. நாம் வகுப்பில் பேசாமல் விட்ட இடத்தில் திருமண மண்டபமும் வாட்ஸ்அப் குழுவும் சாதிச் சங்கத்தின் பரிசளிப்பு விழாவும் பாடம் நடத்துகின்றன. வகுப்பறையில் மட்டும் மௌனம் காப்பது பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைப்பதாகும் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு பயம் நியாயமானது. அவமானத்தின் கதையை மட்டுமே சொன்னால், அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளையின் பக்கம் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவன் தலை குனிவான். கறுப்பின ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதற்கு விடை. கதையை அடிமைக் கப்பலில் தொடங்காதே, கப்பலுக்கு முன்பிருந்த ஆப்பிரிக்காவில் தொடங்கு என்கிறார்கள். நம்மிடம் அயோத்திதாசர் அதைத்தான் செய்தார். நீலகிரியில் வாழ்ந்து, 1891-இல் ஊட்டியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டி, 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவர். எங்கள் வரலாறு தீண்டாமைக்கு முந்தையது, பௌத்தத்திலும் தமிழ்க் கல்வியிலும் வேர் கொண்டது என்று நிறுவ வாழ்நாளைச் செலவிட்டார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த தெளிவு இன்றைய பாடநூல் குழுக்களுக்கு வேண்டும்.

தொடங்குவதற்குத் துடியலூர்ப் பிள்ளைக்கு ஊர்ப் பெயரில் ஒலிக்கும் சொல்லே போதும். துடி என்றால் சிறு பறை. புறநானூற்றின் 335-ஆம் பாடல் சிறந்த குடிகள் என்று நான்கைச் சொல்லும்போது துடியனில்தான் தொடங்குகிறது. பாணனும் பறையனும் கடம்பனும் உடன் வருகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மதிப்போடு எண்ணப்பட்ட இசைக் குடிகளில் சிலவற்றின் பெயர் பிற்காலத்தில் வசையாக மாறியது எப்படி? ஒன்பதாம் வகுப்பில் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

பண்பாட்டைக் கற்பிப்பது என்று வந்தால் இசைக்குத்தான் முதலிடம். காரமடைப் பக்கத்து வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு அந்தக் கும்மி பள்ளி மேடைகளில் நிறைய ஏறுகிறது. மகிழ்ச்சி. அதே மேடையில் துடும்பு மேளமும் பறையும் ஏற வேண்டும். ஒரு பள்ளி விழாவில் அருகிலிருந்து பார்த்தேன். பறைக்காரர்கள் மைதானத்து ஓரத்தில் காகிதமும் சருகும் கூட்டித் தீ மூட்டி, தோலை அனலில் காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்த்தார்கள். மந்தமாக இருந்த ஒலி மெல்ல மெல்ல விறைத்து, கடைசியில் கணீரென்றது. இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கண் இமைக்கவில்லை. சூடு பட்டால் ஏன் ஒலி ஏறுகிறது என்று ஓர் ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, இறுகினால் ஒலி உயர்கிறது என்று வாசித்தவரே சொன்னார். அறிவியல் ஆசிரியர் பக்கத்தில்தான் இருந்தார். அந்தக் கேள்வியோடு அடுத்த நாள் இயற்பியல் பாடம் தொடங்கியிருக்கலாம். உட்சன் கேட்டதும் அதுதான், எல்லாப் பாடத்திலும் இருக்க வேண்டும் என்று.

நாள் குறிப்பது பற்றி ஒரு வார்த்தை. அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு 2022 முதல் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்று தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. பிள்ளைகள் பள்ளியில் இருக்க மாட்டார்கள். உறுதிமொழியை முன்னதாக ஒரு நாள் எடுத்துக்கொள்கிறோம், அதற்குள் தேர்வுக் காய்ச்சல் பிடித்துவிடுகிறது. இரட்டைமலை சீனிவாசன் பிறந்தது ஜூலை 7. பள்ளி திறந்து ஒரு மாதம், தேர்வு இல்லை, நெருக்கடி இல்லை. கோவை மாவட்டப் பள்ளிகளுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

அண்மை வரலாறும் வேண்டும். துடியலூரிலிருந்து அதே ரோட்டில் வடக்கே போனால் மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்துக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தாழ்த்தப்பட்ட மக்கள். அது தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் சொல்லிப் போராடின. சுவர் ஏன் அவ்வளவு உயரம், சுவருக்கு அப்பால் குடியிருப்பு ஏன் அவ்வளவு தாழ்வு என்ற கேள்விகளை வளர்ந்த பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சொல் ஏன் நீக்கப்பட வேண்டியிருந்தது என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களே, புதிய பாடநூல் வரட்டும், அரசாணை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஜூலை 7 அன்று முதல் மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் படித்த ஒரு பையன் மணி அடிக்கும் வரை ஏன் வெளியே நின்றான் என்று சொல்லுங்கள்.